முதலில் பெர்மிட், அப்புறம் விமானம்: உகாண்டாவில் சிம்பன்சியும் கொரில்லாவும் பார்க்க ஏழு நாள்

உகாண்டாவுக்குப் போய்க் கொரில்லா பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: கொரில்லா பார்ப்பதற்கான அனுமதிச் சீட்டு, அதாவது பெர்மிட், எடுத்தாயிற்றா? பத்தில் எட்டுப் பேர், "டிக்கெட் போட்டுட்டேன், பெர்மிட்டை அங்கே போய் எடுத்துக்கலாம்ல?" என்பார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மலைக் கொரில்லா எந்த மிருகக்காட்சிசாலையிலும் கிடையாது. உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் மூலையில் இருக்கும் இரண்டே காட்டுத் தொகுதிகளில்தான் அது வாழ்கிறது. உகாண்டாவின் ப்விண்டி காட்டில் மனிதர்களைப் பார்த்துப் பழகிய குடும்பங்கள் இருபது சொச்சம். ஒரு குடும்பத்தை ஒரு நாளில் ஒரே குழுதான் பார்க்கலாம். குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது, பார்க்கும் நேரம் ஒரு மணி. கணக்குப் போட்டால் முழுக் காட்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஓரிரு நூறு பேர்தான். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்த இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அதனால் பயணத்தின் தேதியை முடிவு செய்வது விமானமோ அலுவலக விடுப்போ அல்ல, அந்தப் பெர்மிட்தான்.

எந்த நாடு

மூன்று நாடுகளில் காங்கோவைப் புதியவர்கள் ஒதுக்கிவிடுவது நல்லது. கிழக்குக் காங்கோவில் சண்டை ஓய்வதே இல்லை. ருவாண்டாவில் சாலைகள் அருமை. கிகாலி விமான நிலையத்தில் இறங்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் கொரில்லா இருக்கும் எரிமலைப் பூங்காவுக்குப் போய்விடலாம். ஆனால் அங்கே பெர்மிட் 1,500 டாலர். உகாண்டாவில் வெளிநாட்டவருக்கு 800 டாலர். 2024 ஜூலைக்கு முன்பு 700 ஆக இருந்தது. சிம்பன்சி பார்க்க உகாண்டாவின் கிபாலே காட்டில் தனியாக 250 டாலர். இரண்டும் சேர்த்து 1,050. ருவாண்டாவில் கொரில்லாவுக்கு மட்டும் ஆகும் தொகையைவிட இது குறைவு.

பணம் இருந்து நேரம் இல்லாதவர்களுக்கு ருவாண்டா. ஒரு வாரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு என் ஓட்டு உகாண்டாவுக்குத்தான். இரண்டு காடுகளுக்கும் நடுவே குயின் எலிசபெத் பூங்கா வேறு வருகிறது. யானை, நீர்யானை, சிங்கம் எல்லாம் போகிற வழியிலேயே பார்த்துவிடலாம்.

பெர்மிட் எடுப்பதும் அதில் நாங்கள் செய்த தவறும்

பெர்மிட்டைக் கொடுப்பது உகாண்டா வனவிலங்கு ஆணையம். தனியாளாக எடுக்க வழி இருந்தாலும், முதல் முறை போகிறவர்கள் அந்த நாட்டில் பதிவு பெற்ற பயண நிறுவனம் வழியாக எடுப்பதுதான் லேசு. பாஸ்போர்ட் நகல் அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். இனிஷியலை எங்கே போடுவது என்ற நம் ஊர்ப் பிரச்சினையை அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெயரில் எடுத்ததை இன்னொருவர் பயன்படுத்த முடியாது. பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொரில்லா பெர்மிட் கிடையாது. குழந்தைகளோடு போக நினைப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

பணம் கட்டியதும், "பெர்மிட் நகலை அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். நிறுவனம் கொடுக்கும் ரசீது வேறு, பெர்மிட் வேறு. நகல் கையில் வந்ததும் தேதியைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சொல்லைத் தேடுங்கள்: புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ந்குரிங்கோ. இந்த நான்கில் ஏதாவது ஒன்று அதில் இருக்கும். ப்விண்டி காட்டுக்கு நான்கு வாசல்கள். உங்கள் பெர்மிட் எந்த வாசலுக்கோ அங்கேதான் காலையில் நிற்க வேண்டும். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும், ஆனால் காட்டைச் சுற்றிக்கொண்டு போகும் மலைப்பாதை.

நாங்கள் இதைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பதிவு செய்து கொடுத்தவர் தெற்கே ருஷாகாவில் பெர்மிட் எடுத்துவிட்டு, வடக்கே புஹோமாவில் அறை போட்டிருந்தார். விளைவு, அதிகாலை மூன்றரைக்கு வண்டி ஏறி, இருட்டில் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி, வயிறு கலங்கிப் போய்ச் சேர்ந்தோம். கொரில்லா பார்ப்பதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது. வாசலைப் பார்த்துவிட்டு விடுதியைத் தேடுங்கள். மாற்றிச் செய்யாதீர்கள்.

கிபாலேயிலிருந்தும் குயின் எலிசபெத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு வடக்கே இருக்கும் புஹோமா வசதி. 1993இல் இந்தக் காட்டில் முதன்முதலாகப் பயணிகளை அனுமதித்ததும் அங்கேதான், முபாரே என்ற குடும்பத்தைப் பார்க்க.

ஊசி, விசா, நோட்டு

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகாண்டாவுக்குள் போக முடியாது. விசா விண்ணப்பத்திலேயே அந்த அட்டையைக் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எந்தெந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுளுக்கும் செல்லும். கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மலேரியா மாத்திரையையும் அதே சந்திப்பில் கேட்டு வாங்கிவிடலாம்.

விசா இணையம் வழியாக, 50 டாலர். ருவாண்டாவுக்கும் கென்யாவுக்கும் சேர்த்துப் போகிறவர்கள் 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்க விசா எடுக்கலாம். விமானம் என்டெபியில் இறங்கும், விக்டோரியா ஏரிக்கரையில். சென்னையிலிருந்து வளைகுடா ஊர்கள் வழியாகப் போகலாம், அல்லது மும்பை போய் மாறலாம்.

டாலர் நோட்டு விஷயத்தில் அங்கே ரொம்பக் கறார். பழைய வருடத்து நோட்டு, மடிப்பில் கிழிந்தது, பேனாக் கிறுக்கல் உள்ளது எதையும் வாங்கமாட்டார்கள். சின்ன நோட்டுக்கு மாற்று விலையும் குறைவு. இங்கே வாங்கும்போதே புது நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். மின்சாரச் செருகி நம் ஊர் உருண்டை முள் இல்லை, பிரிட்டிஷ் பட்டை முள் மூன்று.

பையில் என்ன

கணுக்காலைப் பிடித்து நிற்கும் பழகிய ஷூ. புது ஷூவைக் காட்டில் தொடங்கி வைக்காதீர்கள். அலமாரியில் பத்து வருடம் கிடந்த பழைய ஷூவும் வேண்டாம். எங்களோடு வந்த ஒருவருக்கு ஏறத் தொடங்கி அரை மணியில் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தார்.

முழங்கால் உயரக் காலுறை இரண்டு ஜோடி. பேன்ட்டின் முனையை அதற்குள் செருகிவிட வேண்டும். காட்டுப் பாதையில் சாரை சாரையாகப் போகும் கொள்ளி எறும்பு உள்ளே ஏறினால் மானம் பார்க்காமல் பேன்ட்டைக் கழற்ற நேரிடும். தோட்ட வேலைக் கையுறை கட்டாயம். சரிவில் சறுக்கும்போது கை தானாக எதையாவது பிடிக்கும், அங்கே பிடிக்கக் கிடைப்பது பெரும்பாலும் காஞ்சொறி வகைச் செடி. மழை அங்கி எந்த மாதமானாலும் வேண்டும். மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் நல்ல மழை. மற்ற மாதங்களைக் கோடை என்கிறார்கள். அதெல்லாம் மழைக்காட்டுக் கோடை.

ராணுவப் புள்ளி போட்ட உடுப்பு வேண்டவே வேண்டாம், அந்த நாட்டில் அது பொதுமக்களுக்கு இல்லை. முகக்கவசம் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதை

சிம்பன்சியை முதலிலும் கொரில்லாவைக் கடைசியிலும் வைத்துக்கொள்வது நல்லது. கிபாலே ஏறக்குறைய சமதளம், காலுக்கு அது ஒத்திகை. தவிரவும் கொரில்லாவைப் பார்த்துவிட்டு வந்தால் சிம்பன்சியின் ஓட்டத்துக்குப் பொறுமை இருக்காது.

முதல் நாள் என்டெபியில் தூக்கம். இரண்டாம் நாள் மேற்கே ஃபோர்ட் போர்ட்டல் ஊர் வழியாகக் கிபாலே, ஐந்தாறு மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் தேயிலைத் தோட்டம். வால்பாறைக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் சிம்பன்சி. நான்காம் நாள் குயின் எலிசபெத், பிற்பகலில் கசிங்கா கால்வாயில் படகு. ஐந்தாம் நாள் இஷாஷா வழியாகப் புஹோமா. இஷாஷாவில் சிங்கங்கள் அத்தி மரத்தில் ஏறிக் காலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால். ஆறாம் நாள் கொரில்லா. ஏழாம் நாள் என்டெபிக்கு ஒன்பது பத்து மணி நேரம் வண்டி. அன்று இரவே விமானம் பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள்.

வழிச் சாப்பாட்டுக்கு நாம் கவலைப்பட வேண்டியதில்லை. மத்தோக்கே என்பது வாழைக்காயை வாழை இலையில் கட்டி அவித்து மசிப்பது. அதோடு நிலக்கடலைக் குழம்பு. இரண்டும் சைவம். சாலையோரத்தில் ரோலக்ஸ் என்று விற்பது கடிகாரம் இல்லை, முட்டையடை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. இந்தியர்கள் கொண்டுபோன சப்பாத்தி அங்கே போய் எடுத்த அவதாரம். இந்தியர்களை இடி அமீன் 1972இல் விரட்டினார், சப்பாத்தி மட்டும் தங்கிவிட்டது. கூடவே ஒரு பொட்டலம் ஊறுகாய் இருந்தால் தேவலை.

சிம்பன்சி காலை

கிபாலேயில் கன்யாஞ்சு என்ற இடத்தில் ஒன்றுகூட வேண்டும். காலை, பிற்பகல் என இரண்டு வேளை உண்டு, காலையைக் கேளுங்கள். ரேஞ்சர் கையில் துப்பாக்கி இருக்கும். அது சிம்பன்சிக்கு அல்ல, காட்டு யானை எதிரே வந்தால் வானத்தில் சுட்டு விரட்ட.

முதலில் காதுதான் வேலை செய்யும். தூரத்தில் ஒன்று 'ஊ… ஊ…' என்று தாழ்வாகத் தொடங்கும், அது வேகமெடுத்துக் கூச்சலாக ஏறும், இன்னொரு பக்கமிருந்து பத்துக் குரல் பதில் கொடுக்கும். இடையில் மத்தளம் அடிப்பது போல ஒரு சத்தம். பலகை போல விரிந்த மரவேர்களைச் சிம்பன்சிகள் கையாலும் காலாலும் அடிக்கின்றன. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த சிலிர்ப்பு, பிறகு கண்ணால் பார்த்தபோதுகூட வரவில்லை.

பழம் இருக்கும் மரம் கிடைத்தால் உட்கார்ந்து பார்க்கலாம், கழுத்துதான் வலிக்கும். மரத்துக்கு நேர்க் கீழே நிற்காதீர்கள். மேலிருந்து விழுவதெல்லாம் பழம் இல்லை. கீழே இறங்கிவிட்டால் கூட்டமாக நடக்கத் தொடங்கிவிடும், பின்னால் நீங்களும் வேர் தடுக்கத் தடுக்க ஓட வேண்டியதுதான். சில நாள் கறுப்பாக ஒரு முதுகு மட்டும் காணக் கிடைக்கும், அதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வானப் பின்னணியில் கறுப்பு உருவம் என்பதால் படம் நிழலாக விழும், வெளிச்ச அளவைக் கூட்டி வைத்து எடுங்கள். ஃபிளாஷ் கூடாது.

பிற்பகலில் பக்கத்திலேயே பிகோடி சதுப்பு நிலம். ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். சிவப்புக் கோலபஸ் குரங்குகளை நிதானமாகப் பார்க்கலாம். காலையில் நீங்கள் துரத்திய சிம்பன்சிகள் வேட்டையாடித் தின்பது இவற்றைத்தான்.

கொரில்லா நாள்

காலை ஏழரைக்கெல்லாம் பாஸ்போர்ட்டோடு வாசலில் இருக்க வேண்டும். முழங்கால் வலி, மூச்சிரைப்பு இருந்தால் உங்கள் ஓட்டுநரிடம் முந்தைய நாள் மாலையே சொல்லிவிடுங்கள். ரேஞ்சர்களிடம் பேசி, முடிந்தவரை அருகில் இருக்கும் குடும்பத்தை ஒதுக்கித் தருவார்கள். சொல்லாமல் வீரம் காட்டினால் தூரத்துக் குடும்பம்தான்.

உங்களுக்கு முன்பே டிராக்கர்கள் காட்டுக்குள் போயிருப்பார்கள். கொரில்லா ஒவ்வோர் இரவும் இலை தழைகளை மடக்கிப் புதுப் படுக்கை போட்டுக்கொள்ளும். நேற்று விட்ட இடத்திலிருந்து தடம் பிடித்து, அந்தப் படுக்கையைக் கண்டு, அங்கிருந்து இன்று போன வழியைத் தேடிப் போகிறார்கள். கண்டதும் ரேஞ்சருக்கு வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். அதனால்தான் பெரும்பாலும் ஏமாற்றம் இருப்பதில்லை. எவ்வளவு நடை என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. அரை மணியிலும் முடியும், ஆறு மணியும் ஆகும்.

போர்ட்டர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். சுமார் 20 டாலர். பை கனமில்லை, எதற்கு என்று நானும் முதலில் நினைத்தேன். பை ஒரு சாக்கு. செங்குத்துச் சரிவில் முன்னால் நின்று கையைப் பிடித்து இழுப்பதும், இறங்கும்போது பின்னால் சட்டையைப் பிடித்துக்கொள்வதும்தான் அவர் வேலை. அந்தக் கூலி நேரே ஊருக்குள் போகிறது. நடக்கவே முடியாதவர்களைக் கூடையில் வைத்துத் தூக்கிச் செல்லவும் ஆட்கள் உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் ஹெலிகாப்டர்.

ப்விண்டி என்றாலே அடர்ந்த இருள் என்பார்கள். ஆங்கிலேயர் வைத்த பெயர் 'நுழைய முடியாத காடு'. உள்ளே போனால் இரண்டு பெயரும் பொருத்தம் என்று தெரியும். கொடிகள் மேல் கொடி படர்ந்து, கால் வைப்பது மண்ணிலா தழையிலா என்று புரியாது. ரேஞ்சர் அரிவாளால் வெட்டிக்கொண்டே போவார். திடீரென்று நின்று, கைத்தடிகளையும் பைகளையும் வைக்கச் சொல்வார். முகக்கவசம் போடச் சொல்வார். அந்த நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்.

ரேஞ்சர் தொண்டையைக் கனைப்பது போல 'ம்ம்ஹ்ம்' என்பார். அது கொரில்லா பாஷையில் 'நாங்கதான், பயப்படாதே'. அந்தப் பக்கமிருந்தும் அதே கனைப்பு வரும்.

பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. இது நமக்குத்தான் தெரியும், குட்டிகளுக்குத் தெரியாது. அவை நெருங்கினால் நாம் மெதுவாகப் பின்னால் போக வேண்டும், தொடக்கூடாது. முதுகு வெள்ளியாக நரைத்த தலைவனை சில்வர்பேக் என்பார்கள், ஏறக்குறைய 200 கிலோ வரை இருக்கும். அவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டு பாய்வது போல வந்தால் ஓடாதீர்கள். குனிந்து உட்கார்ந்து தரையைப் பாருங்கள். பெரும்பாலும் அது மிரட்டல்தான். அதைத் தவிர்த்தால் அந்த ஒரு மணியில் அவர்கள் செய்வது தின்பதும், குட்டியைத் தட்டிக்கொடுப்பதும், சத்தமாக வாயு விடுவதும்தான். முதல் பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு போனைப் பைக்குள் போடுங்கள். நான் நாற்பது நிமிடம் திரை வழியாகவே பார்த்துவிட்டுப் பிறகு நொந்துகொண்டேன்.

ஜலதோஷம் இருந்தால்

இதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 800 டாலர் கட்டியவருக்கு அன்று காலை மூக்கு ஒழுகினால் மறைக்கத்தான் தோன்றும். மறைக்காதீர்கள். நமக்கு இரண்டு நாள் தும்மலாகப் போவது கொரில்லாக்களுக்கு நிமோனியாவாகி உயிரை எடுக்கும். 1996இல் ப்விண்டியில் ஒரு குடும்பத்துக்குச் சிரங்கு பிடித்து, குட்டி ஒன்று இறந்தது. காட்டோர வயல்களில் சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போட்ட பழைய துணியிலிருந்து பரவியிருக்கலாம் என்று கண்டார்கள். அப்போது வனவிலங்கு ஆணையத்தின் முதல் கால்நடை மருத்துவராக இருந்த கிளாடிஸ் கலெமா ஸிகுசோகா அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்: ஊர் மக்களின் உடம்பைக் கவனிக்காமல் கொரில்லாவைக் காப்பாற்ற முடியாது. 2003இல் அதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2018 கணக்கெடுப்பில் ப்விண்டித் தொகுதியில் 459 கொரில்லாக்கள். மொத்த உலகத்துக்கும் ஆயிரத்துச் சொச்சம்தான்.

காட்டுக்குள் துப்பக்கூடாது. இருமல் வந்தால் திரும்பி நின்று முழங்கையில். ஒதுங்க வேண்டியிருந்தால் ரேஞ்சரிடம் சொன்னால் ஆழமாகக் குழி வெட்டித் தருவார், மூடிவிட்டு வர வேண்டும்.

பட்வா மக்கள்

புஹோமாவில் மாலையில், 'பட்வா அனுபவம்' என்று ஒரு நடைக்கு அழைப்பார்கள். காட்டுக்குள்ளேயே வாழ்ந்த மக்கள் அவர்கள். 1991இல் தேசியப் பூங்கா ஆனபோது வெளியேற்றப்பட்டார்கள். கொரில்லாவுக்காகக் காடு காக்கப்பட்டதில் வீடு இழந்தவர்கள், இன்று அதே காட்டின் ஓரத்தில் நமக்கு நெருப்பு உண்டாக்கிக் காட்டுகிறார்கள். போக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். போனால், கட்டணத்தில் அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று முதலில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் எனக்குப் போக மனசு வராது.

அந்தப் பக்கத்து வணக்கம் 'அகண்டி'. நன்றிக்கு 'வெபாலே'. ரேஞ்சருக்கும் டிராக்கர்களுக்கும் அன்பளிப்பு கொடுப்பது வழக்கம், சின்ன நோட்டுகளாக உகாண்டா ஷில்லிங்கில் வைத்துக்கொள்ளுங்கள். டிராக்கர்கள் காட்டிலேயே நின்றுவிடுவார்கள், வாசலுக்கு வந்த பிறகு தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பெட்டிக்குள் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். உகாண்டாவிலிருந்து வருகிறவர்களிடம் நம் விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். காட்ட முடியாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.